அத்தான் இறங்கிய கோரைச் சதுப்பு

என் ஆசை அக்கா,

நீ எங்களை விட்டுப் போனதுக்கப்புறம் உன்கிட்ட அழாம சொல்ற மாதிரி ஒரு விஷயம் இந்த வாரம்தான் கிடைச்சிருக்கு. கேளு.

நம்ம லயத்து வீடுகளுக்குக் கீழே சதுப்பு இருக்கே, நாம குடிக்க, குளிக்கப் பிடிக்கிற பீலிக்குழாய்க்குத் தண்ணி ஊறி வர்ற இடம், அதை மண்ணு கொட்டி மூடி வாலிபால் மைதானம் ஆக்கணும்னு ஒரு பேச்சு. ஆரம்பிச்சது யாருங்கிற? உன் வீட்டுக்காரர்தான்! அறுபதை நெருங்குற வயசுல அத்தானுக்கு கேப்டன் ஆசை. "அது வெறும் புல்லுக்காடு, கொசுக்காடு"ன்னு தேயிலைத் தோட்டம் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. மூடினா பீலி வத்திடும்னு நான் சொன்னது காதுல ஏறினாத்தானே?

காடு, தண்ணியைக் காக்கிற சுற்றாடல் ஆபீஸுக்கு நான் போன் போட்டுட்டேன். நுவரெலியாவுல இருந்து சுற்றாடல் அதிகாரி அம்மா ஒருத்தங்க வந்தாங்க. சிங்களவங்க, தமிழும் நல்லாப் பேசுனாங்க.

"இது புல்லுதானுங்களே?"ன்னு அத்தான் முந்திக்கிட்டாரு.

"இல்லைங்க, கோரை"ன்னேன். பஸ்ஸுக்கு நிக்கிறப்பல்லாம் நீ ஏதாவது செடியைப் பிடுங்கி என் கையில திணிச்சுப் பாடம் நடத்துவியே டீச்சரம்மா, அது வீண் போகல. ஒரு தண்டை விரலுக்கு நடுவுல உருட்டிக் காட்டினேன். உருளல. மூணு பட்டையா இடறுது. புல்லுக்கு இருக்கிற கணுவும் இல்லை.

அந்தம்மா லென்ஸ் வச்சுப் பார்த்தாங்க. "கோரைதான். ஆனா சில கோரை காஞ்ச மண்ணுலயும் வளருமே. இங்க மழை இல்லாதப்பவும் ஈரம் நிக்குதா?"

"எங்கங்க ஈரம்? நடந்தே காட்டுறேன்!"ன்னு அத்தான் விறுவிறுன்னு இறங்கினாரு.

நாலு எட்டுதான். சேத்துல இடுப்பு வரைக்கும் போயிட்டாரு, அக்கா!

"கமலா, கையக் குடு!" குடுத்தேன். நானும் உள்ளே. வேடிக்கை பார்க்க வந்த வாலிபால் பசங்க நெட்டுக் கம்பை நீட்டித்தான் ரெண்டு பேரையும் இழுத்தாங்க. அத்தான் நின்ன குழியில கருப்பாத் தண்ணி ஊறி நிறைஞ்சுச்சு. அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டு, "போதும் ஐயா, வேற சாட்சி வேணாம்"னாங்க.

சதுப்பை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. மைதானம் கோயிலுக்கு மேல உள்ள மேட்டுக்குப் போகுது.

பீலியடியில சேறு கழுவிக்கிட்டே அத்தான் கேட்டாரு, "உங்கக்கா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா?" கிண்டலா ஒண்ணு வாய் வரைக்கும் வந்துச்சு. அவர் கண்ணைப் பார்த்துட்டு, துண்டை நீட்டினேன். நீ திட்டியிருப்பியா, சிரிச்சிருப்பியா?

அவரைத் தனியா விட்டுட மாட்டேன், அக்கா. இனி அவருக்கு மூணு வேளையும் எங்க வீட்டுச் சாப்பாடுதான். ஆனா அந்த மேட்டுல குதிச்சு விளையாடி இடுப்பு பிடிச்சுக்கிட்டா, அதுக்கு நான் பொறுப்பில்லை.

உன் ஒரே தங்கச்சி,
கமலா