மூன்று அங்குலம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சௌக்கியம்தானே? அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தண்ணீர் மோட்டாரைச் சரிசெய்தாகிவிட்டது. இனி எழுதுவதைப் போனில் சொல்லலாமென்றால் அம்மா என் பக்கத்தை விட்டு நகர்வதில்லை.

உன் தம்பி காணாமல் போய் இன்றோடு ஏழு மாதம். கல்குவாரிப் பள்ளத்தில் யாருடைய எலும்புகளோ கிடைத்ததாகப் போலீசார் கூப்பிட்டனுப்பினார்கள். போனேன். தொடை எலும்பு நாற்பத்து நாலரை சென்டிமீட்டராம். அதை வைத்துக் கணக்குப் போட்டு, ஆள் நூற்று அறுபத்தேழு உயரம், நான்கு முன்னே பின்னே இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. நம் புகாரில் நூற்று எழுபத்தைந்து என்று இருக்கிறது. "உங்க பையன் இல்லைங்க ஐயா, நிம்மதியாப் போங்க" என்றார். உயரம் ஒத்துவந்தால்தான் நம் ரத்தம் எடுத்து ஒப்பிடுவார்களாம்.

அம்மாவிடம் சொன்னேன். ஏழு மாதத்தில் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நூற்று எழுபத்தைந்து நான் கொடுத்ததுதான். அவனுக்குப் பெண் தேடித் தரகரிடம் விவரத்தாள் கொடுத்தபோது, "மூணு அங்குலம் சேத்துப் போடுங்க சார், ஷூ போட்டா யாருக்குத் தெரியும்" என்றார். போட்டேன். புகார் கொடுத்த அன்று அவசரத்தில் அந்தத் தாளையே பார்த்து எழுதிவிட்டேன். முப்பத்தாறு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் தாளையே கிழித்துப் போட்டவன்.

அவனைக் கூடத்துச் சுவரோடு நிறுத்தி, தலையில் மூலைமட்டம் வைத்து நானே அளந்தது நூற்று அறுபத்தேழரை. சுவர் சாய்ந்திருக்குமோ என்று நேற்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். சாயவில்லை. டாக்டரம்மாவின் கணக்கு பிசகுமோ என்று என் தொடையை டேப்பால் அளந்துகொண்டிருந்தேன். அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருந்தீங்க, இப்ப எதுக்கு இந்தக் கூத்து" என்று சிரித்தாள். டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் இருபதாம் தேதிவரை யாரும் கேட்டு வராவிட்டால் அந்த எலும்புகளை அனாதைப் பிணம் என்று எழுதிப் புதைத்துவிடுவார்களாம். சரியான உயரத்தை எழுதிய மனு என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. இரண்டு தடவை போலீஸ் ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

போன தடவை வந்தபோது அவனோடு முதுகோடு முதுகாக நின்று, "போடா குள்ளக் கத்தரிக்கா, என்னைவிட ரெண்டு விரல்தான் அதிகம்" என்று கேலி செய்தாயே. அதை நீ வந்து அவர்களிடம் சொல்ல வேண்டும். இருபதாம் தேதிக்குள் எப்படியாவது வந்துவிடு. அந்தப் படியில் தனியாக ஏற எனக்குக் கால் வரவில்லை.

குழந்தைக்கு என் முத்தம். நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். நீ வரும்வரை உன் தம்பி நூற்று எழுபத்தைந்தாகவே இருக்கட்டும்.

உன்
அப்பா