பதினேழாவது வாக்கியம்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் பயிற்சி மையத்தின் இயக்குநர் ஏமாற்றுக்காரர். ஆறு வாரத்தில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சொல்லி, நாற்பது வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்புகிறார். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது என்பது இங்கே சட்டம். அந்த நாற்பதையும் எழுதியவன் நான்.

இன்று கையேடு அச்சாகி வந்தது. பதினேழாவது, 'ஸ்டெப்பிங் ஸ்டோன்'. ஓடையில் கிடக்கும் கற்களின்மேல் ஒருவன் கைப்பெட்டியோடு தாவுகிற படம். பொருள்: அடுத்த நிலைக்குப் போக உதவுவது. உதாரணம்: இந்த வேலை என் முன்னேற்றத்துக்கு ஒரு ஸ்டெப்பிங் ஸ்டோன்.

அதன் கீழே நான் எழுதிய வரியைக் காணோம். விட்டுவந்த வேலையைப் பற்றி மட்டும் இப்படிச் சொல்லலாம், கேட்டுப் போகிற வேலையைப் பற்றி அதைக் கொடுப்பவரிடமே சொல்லக் கூடாது என்று எழுதியிருந்தேன்.

கேட்டேன். "எச்சரிக்கையெல்லாம் மருந்து பாட்டில்ல போடுப்பா. நம்மகிட்ட வர்றவனுக்கு நம்பிக்கை வேணும்" என்றார், டையை நீவிக்கொண்டே. எந்த வெயிலிலும் அதைக் கழற்றுவதில்லை. மாணவர்களுக்கு அவர் டைக்காரர்.

நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, வியாழன்

அக்கா பதினொரு வருடமாக மருத்துவமனையில் தரை துடைக்கிறாள். அந்தத் துடைப்பக்கட்டைதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. இப்போது அங்கே வரவேற்பு மேசையில் ஓர் இடம் காலி. உள்ளே வேலை செய்கிறவர்களும் கேட்கலாமாம். எழுதிக் கொடுத்துவிட்டாள்!

"தம்பி, ஒரு பத்து நாள் எனக்குச் சொல்லிக் குடுடா."

"நேரமில்லக்கா. இந்தா, இதைப் படி. போதும்."

கையேட்டைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினாள்.

மார்ச் 11, செவ்வாய்

கையேட்டைக் குழாய்க்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறாள். தட்டு கழுவிக்கொண்டே ஒப்பிக்கிறாள்.

"தட்டுக்கெல்லாம் இங்கிலீஷ் வந்துடும் போல."

"தட்டாவது உட்கார்ந்து கேக்குது. உனக்குத்தான் நேரமில்லையே."

நான் செருப்பு மாட்டும்போது, "டேய், பதினேழாவது எனக்குன்னே எழுதின மாதிரி இருக்குடா. ஏன் இந்த வேலை வேணும்னு கேட்டா இதையே சொல்லிடட்டுமா?" என்றாள்.

"ம்."

பேருந்தில் ஏறிய பிறகுதான் உறைத்தது. மாலை சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 12, புதன்

சொல்லவில்லை. நேற்று மாலை தடங்கலே இல்லாமல் ஒப்பித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். என்ன செய்ய? அந்த முகத்தில் போய்த் தண்ணீர் ஊற்றுவதா?

மார்ச் 17, திங்கள்

அக்காவின் நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். ஏன் இந்த வேலை என்று கேட்டதும் பதினேழாவதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல்லும் தவறவில்லை. பணியாளர் மேலாளர் அம்மா பக்கத்திலிருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களா? இன்னும் மேசையிலேயே உட்காரலை, அதுக்குள்ள அடுத்த இடத்துக்குக் கிளம்பிட்டாங்க" என்றாராம். மூவரும் சிரித்திருக்கிறார்கள்.

"எதுக்குடா சிரிச்சாங்க? நான் தப்பா சொன்னேனா?"

"இல்லக்கா. சரியாத்தான் சொன்னே. அந்தம்மாவுக்குத்தான் இங்கிலீஷ் தெரியலை."

ஏன் அப்படிச் சொன்னேன்?

மார்ச் 20, வியாழன்

வேலை வேறொரு பெண்ணுக்கு. அக்காவுக்கு ஒரு பட்டப்பெயர் மட்டும் கிடைத்திருக்கிறது. "ஸ்டோன் அக்கா, மூணாவது மாடியில வாந்தி. கொஞ்சம் முன்னேறி வாங்க" என்று வார்டு பையன்கள் கூப்பிடுகிறார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சாப்பிடவில்லை.

மார்ச் 24, திங்கள்

கையேட்டைத் தூக்கிக்கொண்டு மேலாளர் அறைக்கே போய்விட்டாள் என் அக்கா. கதவைத் தட்டவும் இல்லையாம். "என் தம்பி வாத்தியாரு. அவன் எழுதின புத்தகத்துலயே இருக்கு. சரியாச் சொன்னதுக்கு எதுக்கும்மா சிரிச்சீங்க?" என்று நான்கு பேர் முன்னால் கேட்டிருக்கிறாள்.

நான் சொன்ன பொய்யை நம்பித்தான் போனாள்.

மார்ச் 28, வெள்ளி

அக்காவை நிறுத்திவிட்டார்கள். மேலாளரிடம் மரியாதைக் குறைவாக நடந்ததாகக் காகிதம். பதினொரு வருடம், நாலு வரி. ஆபீஸ் ஆங்கிலம், அவளுக்குப் புரியவில்லை. நான்தான் படித்துக் காட்டினேன். ஒரு துடைப்பக்காரி ஏன் என்று கேட்டால் அது மரியாதைக் குறைவு! பாவிகள்.

பாவிகள் என்று எழுதக் கை எவ்வளவு சுலபமாகப் போகிறது.

ஏப்ரல் 3, வியாழன்

வகுப்பு தூங்கி வழிந்தது. பதினேழாவதை நடத்தும்போது, "ஒரு க்ளீனிங் அம்மா இன்டர்வியூவுக்குப் போனாங்க" என்று ஆரம்பித்தேன். அக்கா நிற்பது போலவே நின்று, அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பின்னால் டைக்காரர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். மையத்தின் இணையப் பக்கத்தில் போடப் போகிறாராம்.

என் அக்கா என்று நான் சொல்லவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

அந்தக் காணொளியை ஏகப்பட்ட பேர் பார்த்திருக்கிறார்கள். புது மாணவர்கள் குவிகிறார்கள். என்னைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார் டைக்காரர். தனி அறை, கதவில் பலகை. "அந்த அம்மா கதையை அடுத்த பதிப்புல சேர்த்துடு. நீ வெட்டின எச்சரிக்கையையும் போட்டுக்கலாம்" என்றார்.

நான் வெட்டிய எச்சரிக்கையாம். இல்லை என்று நானும் சொல்லவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

வார்டு பையன்களில் எவனோ அக்காவுக்கு அதை அனுப்பிவிட்டான். நான் வீட்டுக்குள் நுழையும்போது கைப்பேசியிலிருந்து என் குரல், அவள் குரலில் பேசிக்கொண்டிருந்தது. வகுப்பு சிரித்தது. அவள் முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டாள். நான் செருப்பைக் கழற்றாமலே வெளியே போய்விட்டேன்.

ஏப்ரல் 19, சனி

நான்கு நாளாகப் பேச்சில்லை. சோறு மட்டும் வைக்கிறாள்.

குழாய்க்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. கையேடு என் மேசைக்கு வந்து மூன்று நாளாகிறது, பதினேழாம் பக்கம் விரித்தபடி. கற்களின்மேல் தாவுகிறவனுக்குக் கீழே பென்சிலால், கோணல்மாணலாக எழுதியிருக்கிறாள். பக்கத்திலேயே பென்சிலும் கிடக்கிறது. முதல் நாள் மொட்டையாக இருந்தது. இன்று யாரோ சீவி வைத்திருக்கிறார்கள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர்.

"நான் போறதுக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமா தெரியாதா? இதுக்குக் கீழ எழுது."