சாதிக் கட்டத்தில் ஒரு பெயர்

கொல்லம் 1106, தை 20

காலையில் கடும் பனி. பேச்சிப்பாறைக்கு மேலே நாலு மைல் ஏற்றம். மிஷன் பள்ளிக்கூட வேலை போதாதென்று சென்சஸ் கணக்கெடுப்பும் என் தலையில். வலது குதிகாலில் கொப்புளம். கொண்டுபோனவை: படிவங்கள், மைக்கூடு, மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரை, அவல்.

காணிக்காரர் குடிசைகள் பதினொன்று. சாதிக் கட்டத்தில் 'காட்டுஜாதி' என்று எழுதச் சூப்பர்வைசர் உத்தரவு. அப்படியே எழுதினேன். ஆறு வீடு முடிந்தது.

கொட்டாரத்தில் வீட்டுக்குக் கடிதம் போடவில்லை. சின்ன மகளுக்கு இருமல் எப்படியோ.

தை 21

ஏழாவது வீடு ஊர்த்தலைவர் மல்லன் காணியுடையது. பேனாவை எடுத்ததும், "எழுதினத வாசியும் வாத்தியாரே" என்றார். வாசித்தேன்.

"காட்டுஜாதியோ? பன்னிக்கும் மிளாமானுக்கும் அது கொள்ளாம்."

"உத்தரவு அப்படி."

"பாரஸ்ட் கார்டு வந்தா காட்டான்னு விளிக்கியான். சந்தையில மலையன். உங்க மிஷன் ஆளுவளுக்கு மலைவாசி. எங்ககிட்ட ஆரும் கேக்கல்ல. நாங்க காணிக்காரரு. இந்த மண்ணு, பண்டு ராஜா காணியாட்டு விட்டுத் தந்தது. அந்தப் பேர வெட்டினா, காட்டுல கெடக்கவன்தானே, எறங்கிப் போன்னு நாளைக்குச் சொல்லுவினும்."

எங்கள் ஊரில் காணி நிலம் உள்ளவன் என்றால் தனி மரியாதை. மலை ஏறியதும் அதே சொல்லுக்கு மதிப்பில்லை. இத்தனை வருடம் பாடம் சொல்லிக்கொடுத்தும் இதை யோசித்ததில்லை.

ஆறு படிவங்களையும் திருத்தினேன். பதினொன்றிலும் 'காணிக்காரர்'. அவர் மனைவி மரச்சீனிக் கிழங்கு அவித்துத் தந்தார். நல்ல பசி.

தை 24

காய்ச்சல். ஆராதனைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் ஆள் விட்டுக் கூப்பிட்டதால் அவரிடம் மட்டும் போனேன். படிவங்களைப் புரட்டி மேசையில் எறிந்தார்.

"என்னவே இது? எழுதச் சொன்னது ஒண்ணு, எழுதினது ஒண்ணு?"

அது அவர்களே சொல்லும் பெயர், நிலத்தைக் குறிப்பது என்றேன்.

"நிலமா? அப்பம் நாளைக்கு வந்து பட்டா கேப்பான். அடிச்சு எழுதும். ஒம்மால முடியாதுன்னா வேற வாத்தியார் உண்டு."

வீட்டில் நாலு பிள்ளைகள். பெயரை அடித்துவிட்டுக் 'காட்டுஜாதி' என்றே எழுதினேன். பதினொரு தடவை. இரண்டு படிவத்தில் மை சிந்திவிட்டது. காய்ச்சலால் என்று எழுதலாம். அது மட்டும் இல்லை.

தை 27

நல்ல வெயில். உடம்பில் தெம்பில்லை. மூன்றாம் வகுப்பு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது வாசலில் மல்லன் காணி. சந்தைக்கு வந்தவர். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

"வாத்தியாரே, எங்க பேரு அதில உண்டா?"

"உண்டு" என்றேன்.

"அது மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

தோளிலிருந்த சுமையை அவிழ்த்து, ஒரு சின்னப் பொதி நல்லமிளகை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.