சிற்றாலயக் குடாவின் பச்சைக் கற்களைச் சுரண்ட வேண்டாம் எனக் கோரும் மனு

அனுப்புநர்:
மரியா சலேத்தி டான்டாஸ்,
இல்லத்தரசி,
உம்புராணா அணைக்கரைக் குடியிருப்பு,
சேரிடோ.

பெறுநர்:
வட்டாரப் பொறியாளர் அவர்கள்,
நீர்த்தேக்கப் பராமரிப்பு அலுவலகம்.

பொருள்: உம்புராணா ஏரியில் சிற்றாலயக் குடாவின் கரைக்கற்களைச் சுரண்டும் பணியை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

பார்வை: அணை மதகில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலகத்தின் நவம்பர் மாத அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆண்டவரின் சமாதானம் தங்களோடு இருப்பதாக. இந்த ஆண்டில் தங்கள் அலுவலகத்துக்கு நான் எழுதும் மூன்றாவது மனு இது. முந்தைய இரண்டுக்கும் பதில் இல்லாததால், சொன்னதையே திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. படிக்கத் தங்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். எழுத எனக்கும் அப்படித்தான் இருக்கிறது.

1. மழை பொய்த்து ஏரி உள்வாங்கியதில், குடிநீர்க் குழாயின் வாய் அடிச்சேற்றுக்கு அருகில் வந்துவிட்டது. வீடுகளில் தண்ணீர் அழுகிய முட்டை போல் நாறியது. எனவே சென்ற ஆண்டு குடியிருப்பார் அனைவரும் கையொப்பமிட்டு, "ஏரியின் லோடோவை அகற்றித் தருக" என்று தங்களுக்கு மனு அளித்தோம்.

2. தாங்கள் தலைநகரத்தவர் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பேச்சில் ஏரியின் அடியில் நாறும் கறுப்புச் சேறும் லோடோதான்; கரைக்கல்லில் வழுக்கும் பச்சைப் படலமும் லோடோதான். குழாய் வாயைப் பற்றிப் பேசினால் கறுப்பு, துணி துவைக்கும் கல்லைப் பற்றிப் பேசினால் பச்சை என்று எங்களுக்குள் தானாகவே விளங்கிவிடும். காகிதத்தில் எழுதினால் விளங்காது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

3. பிப்ரவரியில் தங்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வந்தார்கள். குழாயருகே சேற்றை உறிஞ்சப் படகோ இயந்திரமோ வரவில்லை. கம்பித் தூரிகையும் தண்ணீர்ப் பீச்சியும் வந்தன. தெற்குக் கரை முழுவதும் கற்களைச் சுரண்டி, சுரண்டியதை ஏரியிலேயே தள்ளினார்கள். தடுக்கப் போன என்னிடம் மேஸ்திரி வன்டெர்லே, "டோனா சலேத்தி, லோடோவ எடுங்கன்னு மனு கொடுத்ததும் நீங்க, எடுக்காதேன்னு ஓடி வர்றதும் நீங்க. தாடி வச்ச கல்லுதான் வேணும்னா அதையும் மனுவுல எழுதியிருக்கலாம்ல?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகு வெள்ளைக் கற்களைப் படம் பிடித்துப் பணி முடிந்ததாக எழுதிக்கொண்டு போனார்கள்.

4. மழைக்கு நாங்கள் கடைசியாக நம்பியிருக்கும் நாளான, மார்ச் மாதப் புனித யோசேப்பின் திருநாளன்றும் மழை இல்லை. தெற்குக் கரையோரத் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தது போல் ஆயிற்று. அந்தக் கலங்கலில் வெயில் அடிவரை இறங்கவில்லை. சுரண்டிய கற்களில் படலம் மறுபடி பிடிக்கவே இல்லை. என் கணவர் அடவுத்தோவின் இறால் கூடுகள் அங்கே வெறுமையாக வந்தன. இறாலைத் தின்ன வரும் துக்குனாரே மீனும் வரவில்லை. வீட்டுக்குள் வருவதையும் போவதையும் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. தெற்குக் கரை மீன் என்று எழுத அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. இறைச்சி தொடாத பெரிய வெள்ளியன்று, மீன் கிடைக்காத வீட்டார் வழக்கம் போல் எங்கள் வாசலுக்குத் தட்டோடு வந்தார்கள். பூசணிக்காயைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தேன். வாங்கியவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். திட்டியிருந்தால் தேவலை.

5. ஆகஸ்டில் பல்கலைக்கழகத்திலிருந்து லிடியானி என்ற பெண் ஏரியின் அடியில் வாழும் சிற்றுயிர்களைப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டு மேசையில் இரண்டு வெள்ளைத் தட்டுகளை வைத்தார். தெற்குக் கரைத் தட்டில் சிவப்புப் புழுக்களும் வெளியூரிலிருந்து வந்து பெருகிய கூர்நத்தைகளும் மட்டும். சிற்றாலயக் குடாவின் தட்டில் தட்டான் குஞ்சு, ஈசல் போல் பறக்கும் பூச்சியின் குஞ்சு, பொடி இறால், எங்கள் ஊர் உருண்டை நத்தை என்று கலந்து கிடந்தன.

"இங்கயும் நெறயத்தானே பாப்பா நெளியுது? ஏரி நல்லாத்தான் இருக்குன்னு எழுதிறலாமே" என்றார் என் கணவர், புழுத் தட்டைக் காட்டி.

"நெறய இருந்தாப் போதுமாண்ணே? இந்தச் செவப்புப் புழு மூச்சு முட்டுற சேத்துலயும் பொழச்சுக்கும். மத்ததுக்கெல்லாம் காத்தும் வெளிச்சமும் வேணும், மேய அந்தக் கல்லுப் பாசியும் வேணும். தண்ணியில மெதக்கற பச்சை வேற, கல்லுல ஒட்டுற பச்சை வேற. கல்லுப் பச்சைதான் இதுகளுக்குப் புல்லுத்தரை."

"அப்ப நம்ம புல்லுத்தரையத்தான் கம்பி போட்டுத் தேச்சுட்டுப் போயிருக்கானுங்க" என்றார் அவர்.

நீர் குறைந்ததும், உப்பு ஏறியதும், உள்வாங்கிய கரையில் நாங்கள் வைத்த பயிருக்கு இட்ட சாணம் கலந்ததும் ஏரியைக் கெடுத்தன என்றும் அந்தப் பெண் சொன்னார். அதையும் எழுதுகிறேன்; பழியெல்லாம் தங்கள் அலுவலகத்தின் மேல் போடுவது நியாயமாகாது. சாணம் இடுவதை நிறுத்திவிட்டோம். மழை எங்கள் கையிலும் இல்லை, தங்கள் கையிலும் இல்லை. தூரிகை மட்டும் தங்கள் கையில் இருக்கிறது.

6. இப்போது, முதல் கட்டம் வெற்றி பெற்றதால் ஜனவரியில் மூவரசர் திருநாள் முடிந்ததும் சிற்றாலயக் குடாவில் இரண்டாம் கட்டம் தொடங்கும் என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறீர்கள். காற்று வீசிக் கலக்காததால் தண்ணீர் இன்னும் தெளிந்திருக்கும் இடம் அது ஒன்றுதான். என் கணவர் கூடு போடுவதும் அங்கேதான். அதுவும் வெளுத்தால், அவர் கோடாரியும் கோணியுமாக விறகு வெட்டிப் பிழைக்க வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான். அறுபது வயதில் அவரை அப்படி அனுப்ப எனக்கு மனமில்லை.

7. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, குழாயின் வாயருகே உள்ள கறுப்புச் சேற்றைப் படகு வைத்து அகற்றவும், சிற்றாலயக் குடாக் கற்களின் பச்சைப் படலத்தைத் தொடாமல் விடவும் ஆணையிட வேண்டுகிறேன். மறுபடியும் பிழை நேராதிருக்க, அந்தப் பழைய சொல்லை இந்தக் கோரிக்கையில் சேர்க்கவில்லை.

கண்பார்வையைக் காக்கும் புனித லூசியாவின் திருநாளில் இதை எழுதுகிறேன். தாங்கள் ஒரு முறை நேரில் வந்து பார்த்தால் போதும். வர இயலாது என்றே நினைக்கிறேன். அதனால் கீழ்க்கண்டவற்றை இணைத்துள்ளேன்.

இடம்: உம்புராணா
நாள்: 13 டிசம்பர் 2017

பணிவுடன்,
மரியா சலேத்தி டான்டாஸ்

இணைப்பு:
அ) தெற்குக் கரைக் கல், ஒன்று.
ஆ) சிற்றாலயக் குடாக் கல், ஒன்று, ஈரத்துணியில் சுற்றியது. தங்கள் மேசைக்கு வருவதற்குள் காய்ந்திருந்தால், ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் வைக்கவும். பார்த்து முடித்ததும் ஈரத்தோடு திருப்பி அனுப்பவும். அது குடாவுக்குச் சொந்தமானது.