உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
திங்கள் மத்தியானம்

அன்புள்ள சுந்தரிக்கு,

நம் சங்கர்பூர் வீட்டில் நிமாய் மிஸ்திரி ஒரே ஒரு அறைக்குத்தான் சுண்ணாம்பு அடித்திருக்கிறான். மற்ற இரண்டு அறையும் கூடமும் சமையல்கட்டும் போன வருஷம் வாங்கியபோது எப்படிக் கிடந்தனவோ அப்படியே கிடக்கின்றன. இதை நேற்றே போனில் உன்னிடம் கத்திச் சொல்லிவிட்டேன். ஆனாலும் எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று நீ கேட்டதால் முதலிலிருந்து எழுதுகிறேன். கோயமுத்தூரில் நீயும் ஷோபனாவும் பேத்தியும் சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் சௌக்கியமா என்பதைக் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு நீயே சொல்.

நேற்றுக் காலை ஹவுராவில் திகா ரயில் ஏறும்போது கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரிதான் ஏறினேன். படாபஜாரில் டஜன் விலைக்கு அடித்துப் பேசி வாங்கிய பல்புகள், பிளாஸ்டிக் பூச்செடி ஆறு, படகும் சூரியனும் போட்ட படம் மூன்று, ‘தமிழ்நாட்டுச் சாப்பாடு கிடைக்கும்’ என்று எழுதிய போர்டு ஒன்று. எல்லாம் இரண்டு அட்டைப்பெட்டியில். கிறிஸ்துமஸ் லீவுக்குள் மூன்று அறையையும் வாடகைக்கு விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. சால்ட் லேக்கிலிருந்து இரண்டு குடும்பம் இப்போதே கேட்டுவைத்திருக்கிறது. தொண்ணூறாயிரத்துக்குள் ஒரு கடற்கரை வீட்டையே புதுசாக்கிக் காட்டுகிறேன் பார் என்று இட்லிக்கடை மாணிக்கத்திடம் சவால் வேறு விட்டிருந்தேன். இன்று காலை அவன், ‘என்னண்ணே, வீடு பளபளன்னு ஆயிடுச்சா?’ என்று கேட்டான். காது கேட்காத மாதிரி ஷட்டரைத் தூக்கினேன்.

திகாவில் இறங்கி டோட்டோ வண்டி பிடித்து வீட்டுக்குப் போனால், நிமாய் வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவன் பெண்டாட்டி தாராவும் நிற்கிறாள். கூடத்துக்குள் காலை வைத்தேன். சுவரில் உப்புப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கிடக்கிறது. சமையல்கட்டில் அதே கரி. வந்த கோபத்தில் பெட்டியைத் தொப்பென்று போட்டேன். பாதி பல்பு அங்கேயே போயிற்று. மூன்று மாதமாக என்னடா கிழித்தாய் என்று கேட்டேன். அவன் பயப்படவே இல்லை. ‘தாதா, ஆப்னி தோ ஏக்டா கோர் பொல்லேன்’ என்றான். அண்ணா, நீங்கதானே ஒரு ‘கோர்’ என்று சொன்னீங்க என்கிறான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு லாரியிலிருந்து இட்லி அரிசி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் போனில் அவனிடம் ‘ஏக் கர்’ முழுக்க முடித்துக் கொடு என்று இந்தியில் சொன்னேன். இந்தியில் கர் என்றால் வீடு. இவர்கள் பாஷையில் கோர் என்றால் அறை, வீட்டுக்கு வேறு வார்த்தை. முப்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் கடை வைத்திருக்கிற எனக்கு இது தெரியாதா? தெரியும். பீகார்க்காரன், ஒடியாக்காரன், வங்காளி எல்லோரிடமும் ஒரே இந்தியில் கத்திக் கத்தி வாய்க்கு அதுதான் வருகிறது. எந்த அறை என்று அவன் திருப்பிக் கேட்டானாம். கலர், திரை, கட்டில் எல்லாம் பௌதியை, அதாவது அவனுக்கு அண்ணியான உன்னை, கேள், என்னை விடு என்றேனாம். சொன்னேன்தான், ஞாபகம் இருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை சுந்தரி. நிமாய் உன்னைக் கூப்பிட்டு, ஒரே அறைதானா பௌதி, மீதி வீடு வேண்டாமா என்று கேட்டிருக்கிறான். நீ என்னைவிட நன்றாக வங்காளம் பேசுகிறவள். எங்கே தப்பு நடந்தது என்று உனக்கு அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். நீயோ, ஆமாம், ஒன்றே ஒன்றுதான், கடல் பக்கத்து அறை என்று சொன்னாயாம். எதிராளி வாய் தவறினால் அதைப் பிடித்துக்கொள்வது வியாபாரம். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் எதிராளி என்று என்னை நான் இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

அந்த அறைக் கதவை நிமாய்தான் திறந்துவிட்டான். நான் உள்ளே போகாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுவர், வெள்ளரிப் பிஞ்சை நறுக்கினால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். பௌதி மூன்று தடவை கலக்க வைத்து, மூன்று தடவையும் போட்டோ அனுப்பச் சொன்னார்கள் என்றான். கடல் காற்றுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் ஆறு மாதம்கூட நிற்காது, சுண்ணாம்புதான் சரி என்று நீ சொன்னதும் சரிதான். நான் டப்பா டப்பாவாகப் பெயிண்ட் வாங்க இருந்தேன். கட்டிலுக்குப் பின்னால் சுவர் ஓதம் தெரியாமல் அந்தப் பக்கத்துக் கோரைப்பாயை அகலமாக அடித்திருக்கிறான். ஜன்னலில் உன் மாம்பழக் கலர் சுங்குடிப் புடவை இரண்டாகக் கிழிந்து திரையாகத் தொங்குகிறது. நீ தபாலில் அனுப்பினாயாம், தாரா தைத்தாளாம். ஷோபனா காதுகுத்துக்கு நான் எடுத்துக் கொடுத்த புடவை அது. இத்தனைக்கும் சேர்த்துச் செலவு முப்பத்தோராயிரம். நான் கொடுத்திருந்ததில் மீதியை உறையில் போட்டு, தாதாவிடம் எண்ணிக் கொடு என்று நீ சொன்னபடியே கையில் கொடுத்தான். நான் எண்ணவில்லை.

கடைக்குள் நுழைந்தால் என் கண் தானாகச் சரக்கு எண்ணும், உனக்குத் தெரியும். அங்கேயும் எண்ணியது. கட்டில் ஒன்று, ஒற்றைக் கட்டில். தலையணை ஒன்று. ஜன்னலோரம் பிரம்பு நாற்காலி ஒன்று. கதவுக்குப் பின்னால் கொக்கி ஒன்று. மேசை ஒன்று. அதில் தண்ணீர்ச் சொம்புக்கு மேலே கவிழ்த்த தம்ளர் ஒன்று. எல்லாம் ஒன்று ஒன்றாக இருக்கிறதே, ஜோடி எங்கே என்று கேட்க வாயெடுத்தேன். அப்போதுதான் கதவின் உள்பக்கம் பித்தளையில் புதுத் தாழ்ப்பாள் பளபளவென்று கண்ணில் பட்டது. இரும்பு வேண்டாம், துருப்பிடிக்கும், மற்றதில் மிச்சம் பிடித்தாலும் பரவாயில்லை, இது பித்தளைதான் என்று பௌதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்றான். கடைக்கு மேலே நம் மாடி வீட்டுப் படுக்கையறையின் உள்தாழ்ப்பாளை ஷோபனா பிறந்த வருஷம் நான்தான் கழற்றினேன். அப்பளக் கட்டு அங்கே அடுக்கியிருந்தது, ஆட்கள் நினைத்த நேரத்தில் வந்து எடுக்க வேண்டும் என்று. அந்தக் கதவுக்கு இன்றுவரை தாழ்ப்பாள் இல்லை. அதை நேற்றுச் சங்கர்பூரில் நின்றுகொண்டுதான் யோசித்தேன்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைக்கப் போய் அது கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தால் மேசைப் பலகையின் அடியில் எழுத்து. தரையில் மல்லாந்து படுத்துத்தான் படித்தேன். சுந்தரி ஸ்டோர்ஸ். நம் பழைய போர்டு. இரண்டு வருஷம் முன்னால் லைட் போர்டு வைத்து ‘வேதா மார்ட்’ என்று பேர் மாற்றியபோது சாந்த்ராகாச்சி கோடவுனில் போட்டது, நீ சொல்லி நிமாய் அங்கிருந்து எடுத்து வந்தானாம். பேர் மாற்றுவதை உன்னிடம் நான் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். நீ பேத்தியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாய். இருங்க, கண்ணுல சோப்பு போயிடும் என்றாய். இங்கே நான் கத்த, அங்கே குழந்தை கத்த, நீ அதைத் துவட்டி ஷோபனா கையில் கொடுத்துவிட்டு நிதானமாக வந்து, ‘லேக் மார்க்கெட் மாடிக்கு நான் இனி வரலீங்க’ என்றாய். அலைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து, இன்னொரு தடவை சொல்லு என்றேன். அதையே, அதே குரலில், இன்னொரு தடவை சொன்னாய்.

அப்புறம் நீ சொன்னதெல்லாம் அப்படியே காதில் நிற்கிறது. ‘இங்க வந்த மறுநாள் ஷோபனா ஒரு ரூமைக் காட்டி, இது உனக்கும்மா, கதவைச் சாத்திக்கோன்னா. சாத்திட்டுப் படுத்தேன். யாரும் வந்து சீரகம் எங்கன்னு கேக்கல. எழுந்து உக்காந்து அழுதேங்க’ என்றாய். அப்போ என்னைவிட்டுப் பிரிஞ்சு போறியா என்று கேட்டேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை. நீ சிரித்துவிட்டாய். ‘பிரிஞ்சு போறவ உங்க காசுலயா சுண்ணாம்பு அடிப்பா?’ என்றாய். அந்தச் சிரிப்பை நம்பிக்கொண்டுதான் நேற்றுச் சாயந்திரம் ரயில் ஏறினேன்.

போர்டை ஏன் கவிழ்த்து வைத்தாய், என்மேல் அவ்வளவு வெறுப்பா என்றும் கேட்டேன். ‘எழுத்து மேல இருந்தா தம்ளர் வெச்சு வெச்சுத் தேய்ஞ்சிடும்ல’ என்றாய். கடைக்கு மறுபடி அந்தப் பேரையே வைத்துவிடட்டுமா என்று கொஞ்சம் கழித்துக் கேட்டதற்கு, ‘ஒண்ணும் வேணாம், அது இப்ப என் மேசை’ என்றாய்.

போனை வைத்தபிறகு ஒன்று செய்தேன். உன்னைக் கேட்காமல் செய்தேன், மன்னித்துக்கொள். அந்த அறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. முதலில் பயமாக இருந்தது, கடையில் ஏதோ நடந்து எனக்குத் தெரியாமல் போகிற மாதிரி. அப்புறம் அலை வருகிறது, போகிறது, அவ்வளவுதான். நிமாய் வந்து கதவைத் தட்டினான். வந்துவிட்டானே என்று எரிச்சலாக இருந்தது. கிளம்பும்போது பிளாஸ்டிக் செடிகளைத் தாராவிடம் கொடுத்தேன். அவள் முகத்தைச் சுளித்து, வேண்டாம் தாதா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆறையும் கொல்கத்தாவுக்கே தூக்கி வந்தேன்.

நிமாய்க்குத் தெரிந்திருக்கிறது, தாராவுக்குத் தெரிந்திருக்கிறது, நாம் பெற்ற பெண்ணுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. துவரம்பருப்பு மூட்டைக்குள் கையை விட்டால் ஈரம் எவ்வளவு என்று சொல்கிறவன் நான். முப்பத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. காலையில் செக்டர் ஃபைவ் ஆபீஸ் பிள்ளைகள் இரண்டு பேர் சாம்பார் பொடி கேட்டு வந்து, ஆன்ட்டி கைப்பொடி இல்லையென்றால் வேண்டாம் என்று போய்விட்டார்கள். நீ ஊருக்குப் போன ஐந்து மாதமாக இதே கதை. பொடி வியாபாரம் பாதியாகிவிட்டது என்று நேற்று நான் சொன்னதும் நீ, ‘வேலை செய்யமாட்டேன்னு நான் எப்பச் சொன்னேன், கதவு வேணும்னுதானே சொன்னேன்’ என்று விலை பேச ஆரம்பித்தாய் பார், அப்போதுதான் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

வாய்ப்பேச்சு செல்லாது, எந்தச் சரக்குக்காரனிடமும் எழுதி வாங்காமல் நீங்கள் விட்டதில்லை, அதனால் நீங்களும் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். தை பிறந்ததும் நீ கோயமுத்தூரிலிருந்து நேராகச் சங்கர்பூர் வருகிறாய். கடல் பக்கத்து அறை உன்னுடையது. சாவி ஒன்றுதான், அது உன்னிடம். அதற்குள் அப்பளக் கட்டோ அட்டைப்பெட்டியோ காலண்டரோ எந்தக் காலத்திலும் வராது. உறையில் இருக்கிற மீதிப் பணத்தில் மற்ற இரண்டு அறையையும் நீ சொல்கிற நிறத்தில் நிமாய் முடிப்பான். ஒன்று வாடகைக்கு, ஒன்று எனக்கு. நான் சனிக்கிழமை வந்து திங்கள் காலை ரயிலில் கிளம்பிவிடுவேன். உன் கதவைத் தட்டாமல் திறக்கமாட்டேன். தாழ்ப்பாள் போட்டிருந்தால் எதற்கு என்று கேட்கமாட்டேன்.

இனி வருவது நிபந்தனை இல்லை, கேட்கிறேன், அவ்வளவுதான். அந்த ஜன்னலோரம் இன்னொரு நாற்காலி போட இடம் இருக்கிறது. நேற்று அளந்து பார்த்துவிட்டேன். வேண்டாம் என்றால் போடமாட்டேன். வேண்டும் என்றால் செலவு என்னுடையது. பதில் கடிதத்தில் எழுது. குழந்தைக்கு என் ஆசீர்வாதம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

சாம்பார் பொடி வாரம் இருபது கிலோ. மிளகாய், மல்லி, பருப்பு, அரவைக்கூலி என் செலவு. உன் கைக்கூலி கிலோவுக்கு நூற்றைம்பது ரூபாய், திங்கள் காலை சரக்கு என் கைக்கு வந்ததும் ரொக்கம். நீ சொன்ன விலை. நான் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. சம்மதம்.

இப்படிக்கு,
உன்
வேதாச்சலம்