பாதியில் நின்ற மஸ்ட் சுற்று

1982, ஆடி 8, சனி

காலையிலிருந்து பேய்க்காற்று. கொடியில் போட்ட சேலை பக்கத்து வீட்டு ஓட்டின்மேல். வாயெல்லாம் புழுதி.

கோயிலில் அம்மன் தவசுத் திருவிழாவுக்குக் கொடியேற்றம். ஆடிச்சுற்று தொடங்கிவிட்டது. நேர்ந்துகொண்டவர்கள் பிராகாரத்தைச் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள்.

வாங்க வேண்டியது: சீயக்காய், இவருக்கு பிளேடு, மண்ணெண்ணெய்.

ஆபீஸ் விட்டு வரும்போது பூக்கடை அருகே பேச்சி. பள்ளியிலும், இங்கிலீஷில் இருவரும் ஃபெயிலான பிறகு டுடோரியலிலும் என் பக்கத்தில் உட்கார்ந்தவள். கரிவலம்வந்தநல்லூரில் வாக்கப்பட்டாள். புருஷன் கவர்ன்மெண்ட் பஸ் டிரைவர். போன வருஷம் தவறிப்போனார். அந்த வேலைக்குப் பதில் இவளுக்கு ஒரு வேலை உண்டாம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்றால் கிளார்க், இல்லாவிட்டால் கூட்டிப் பெருக்குவது. கொழுந்தனுக்கு வேறு எண்ணம். “நம்ம வீட்டுப் பொம்பள வாரியல் தூக்குததா? எனக்கு விட்டுக்குடுத்து ஒரு கையெழுத்துப் போடுங்க மைனி.”

இங்கிலீஷ் ஒன்றுதான் அவளுக்கு பாக்கி. செப்டம்பரில் எழுதட்டும், அதுவரை வேலையை நிறுத்தி வைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாம். பரீட்சைக்குப் பணம் கட்ட வருகிற வெள்ளி கடைசி. சொன்னேன்.

“எல்லாம் மறந்துபோச்சுட்டி. கையெழுத்தப் போட்டுட்டு நிம்மதியா இருந்துக்கிடுதேன்.”

நிம்மதியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆடி 9, ஞாயிறு

தூறல். துணி காயவில்லை. மாவும் பொங்கவில்லை. நாள் முழுக்கப் பழைய நினைப்பு.

எண்ணெய்ச் செக்குக்குப் பின்னால் தகரக் கொட்டகை, அதுதான் டுடோரியல். சார் தமிழில் சொல்வார், நாங்கள் இங்கிலீஷில் கத்துவோம். “என்னால் போக முடியும்.” “ஐ கேன் கோ!” “நான் போயே ஆகவேண்டும்.” “ஐ மஸ்ட் கோ!” எதிர்த்த சோடாக்கடைக்காரரும் சேர்ந்து கத்துவார். அப்புறம் ஆல்வேஸ், செல்டம். அப்புறம் ‘ஐ வான்ட் டு’. அதில் எது கேட்டாலும் பேச்சிக்கு ஒரே பதில், “ஐ வான்ட் டு ஈட் அல்வா.” சார் தலையில் அடித்துக்கொள்வார்.

பாஸாக வேண்டும் என்று இருவரும் ஆடிச்சுற்று நேர்ந்துகொண்டோம். சுற்றுக்கு ஒரு வார்த்தை. கேன் சுற்று, குட் சுற்று, மே சுற்று. கடைசியில் மஸ்ட். எல்லோரும் ‘தாயே’ என்று நடக்க, நாங்கள் முணுமுணு. பின்னால் வந்த அம்மாள், “அது என்ன மந்திரம்ட்டி?” என்று கேட்டாள். “சமஸ்கிருதம், அத்த” என்றாள் பேச்சி. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

மஸ்ட் சுற்றில் அவள் சித்தி ஓடிவந்தாள். “மாப்ள வீட்டுக்காரவ வந்தாச்சு. வாட்டி!” கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆவணியில் கல்யாணம். செப்டம்பர் பரீட்சைக்கு நான் மட்டும் போனேன்.

அந்தக் கொட்டகை இப்போது உரக்கடை. அந்தப் பக்கம் போனாலே மனசு என்னவோ செய்கிறது.

ஆடி 11, செவ்வாய்

அரை நாள் லீவு. கரிவலத்துக்கு பஸ். நிற்கக்கூட இடமில்லை, எவனோ காலை மிதித்துவிட்டான்.

அடுப்படியில் பேச்சி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “நேந்ததப் பாதில விட்டேம்லா. அம்மன் மறக்கலட்டி. அதான் அவிய போயிட்டாவ.”

இத்தனை நாளும் இதைச் சுமந்துகொண்டா இருந்தாள்! அறையலாமா, அழலாமா என்று தெரியவில்லை எனக்கு.

“அவளே ஒத்தக்கால்ல தவசு நிக்கா. ஒன் சுத்த எண்ணவா அவளுக்கு நேரம்?” என்றேன். தலையை ஆட்டினாள். நம்பவில்லை. இவளிடம் நியாயம் பேசிப் பிரயோசனமில்லை.

“சரி, அப்பம் மிச்சத்த முடி. வியாழக்கெழம வா.”

நேர்ச்சை என்றதும் கொழுந்தனால் மறுக்க முடியவில்லை. “போயிட்டு வாங்க மைனி. வந்து கையெழுத்தப் போடுங்க.”

ஆடி 13, வியாழன்

காற்று அடங்கி வெயில். நல்ல கூட்டம். பேச்சி வந்துவிட்டாள்.

நடக்கத் தொடங்கினோம். நான்தான் மெல்ல எடுத்துக் கொடுத்தேன், “என்னால் போக முடியும்.” அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். சரி போகட்டும் என்று விட்டுவிட்டேன். மூலை திரும்பும்போது பின்னாலிருந்து, “ஐ கேன் கோ.”

மறந்துபோச்சாம்! ஒன்றுகூட மறக்கவில்லை. குட், மே, மைட் எல்லாம் வரிசையாக வந்தன. போகப்போகக் குரல் ஏறியது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மஸ்ட் சுற்று. சித்தி கையைப் பிடித்த இடம் வந்ததும் நின்றுவிட்டாள். வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் வரலையேட்டி.”

“யாரும் வரல. நட.”

முடித்தாள்.

அல்வா வாங்கிக் கொடுத்தேன். பாதி தின்றவள் திடீரென்று, “பணம் கட்டுதது நம்ம பழைய பள்ளிக்கூடத்துலதான?” என்று கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம்.

“ஒங் கொழுந்தன் பேனாவத் தெறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருப்பான்” என்றேன்.

“இருக்கட்டும். அந்தப் பேனாவயே வாங்கிட்டு வாரேன். நாளைக்குப் பரீட்சைப் பாரத்துல கையெழுத்துப் போடணும்லா.”