உரிமையாளர் சம்மதம்

காயல்பட்டினம்
2.2.2025

அன்பு மச்சானுக்கு, ரைஹானத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகள் அர்வாவும் நலம். போனில் தேனீ என்றதுமே வைத்துவிடுகிறீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம். பக்கத்து வீட்டு அலி அஸ்கர் காக்கா மனு கொடுத்து, நகராட்சி ஆபீசிலிருந்து ஆள் வந்து கொல்லையில் என் நாலு தேனீப் பெட்டியையும் பார்த்துப் போனார். வீட்டில் வளர்க்கவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்குத் தொல்லை இருக்கக் கூடாதாம். பெட்டிகளின் வாசலை மறுபக்கம் திருப்பிவிட்டேன். தொட்டியில் தண்ணீர் வைத்து, சுவரோரம் தட்டியும் கட்டியாயிற்று. வீட்டு உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. இருபத்தைந்தாம் தேதி விசாரணையில் அதைக் கொடுக்க வேண்டும். துஆ செய்யுங்கள்.

உங்கள்
ரைஹானத்

துபாய்
12.2.2025

அன்பு ரைஹானத்துக்கு, வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. தேன் வாங்க யார் யாரோ வாசலில் வந்து நிற்கிறார்களாம். "ஏலே, ஒன் பொண்டாட்டி கடை போட்டுட்டாளாமே" என்று ரூமில் ஷேக் மைதீன் சிரிக்கிறான். எனக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. வீட்டு உரிமையாளர் என்ற முறையில் எனக்குச் சம்மதம் இல்லை என்று ஆபீசுக்கே கூரியரில் எழுதி அனுப்பிவிட்டேன். பெட்டிகளை யாரிடமாவது கொடுத்துவிடு. பெருநாளைக்கு நான் வரும்போது கொல்லை சுத்தமாக இருக்கட்டும்.

அன்புடன்
யாசர்

காயல்பட்டினம்
26.2.2025

மச்சானுக்கு, ஸலாம்.

நேற்று விசாரணை. அதிகாரி உங்கள் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசித்தார். "ஏம்மா, ஒங்க மாப்பிள்ளையே வேண்டாம்னுல்லா எழுதியிருக்காரு" என்றார். மனு கொடுத்த அலி அஸ்கர் காக்காவே தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் ஆறவில்லை.

பத்திரத்தையும் வீட்டு வரி ரசீதையும் எடுத்து மேசையில் வைத்தேன். நம் ஊரில் வீடு பெண்ணுக்குத்தானே? நிக்காஹுக்கு முன்னாலேயே உம்மா என் பேருக்கு எழுதித் தந்தது, நாளைக்கு அர்வாவுக்கு. நீங்கள் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தவர். பன்னிரண்டு வருடம் துபாயில் இருந்ததில் அது மறந்துபோய்விட்டது போல.

சம்மதக் கடிதத்தை அங்கேயே எழுதி, நானே கையெழுத்துப் போட்டேன். அதிகாரி சீல் குத்திக் கொடுத்தார். நாலு பெட்டியும் இருக்கும், அடுத்த மாதம் ஐந்தாவதும் வரும். தேன் வாங்க வருகிறவர்கள் வாசலில்தான் நிற்பார்கள். ஷேக் மைதீனிடமும் சொல்லிவையுங்கள்.

பெருநாளைக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். எழுத்தில் கேளுங்கள், அர்வாவிடம் கலந்து பதில் போடுகிறேன்.

இப்படிக்கு
ரைஹானத்
வீட்டு உரிமையாளர்